சவர அலமாரியும் ஈரக் காற்றும்

குளியலறைச் சுவரில் மாட்டப்படும் சிறிய மர அலமாரி, தச்சுத்தொழில் பழகுபவர் தொடக்கத்திலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய பொருள்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நான்கு பலகை, ஒரு முதுகு, ஒரு கதவு, இரண்டு தட்டு என்று எண்ணிப் பார்த்தால் அது எளியதுதான். ஆயினும், துணியோ நூலோ வைக்கும் அலமாரிக்கு எழாத ஒரு கேள்வி இதற்கு எழுகிறது: நாள்தோறும் நனைந்த நிலையிலேயே உள்ளே வைக்கப்படும் கருவிகளை, நாள்தோறும் நனைந்து உலரும் ஓர் அறையில், ஈரம் ஏறினால் பருத்து ஈரம் இறங்கினால் சுருங்கும் மரத்தால் ஆன பெட்டிக்குள் வைத்துக் காப்பது எப்படி? கதவை இறுக மூடிவிட்டால் பொருள் பாதுகாப்பாக இருக்கும் என்னும் பொது நம்பிக்கை இங்கே செல்லுபடியாவதில்லை. சவரக் கருவிகளுக்கான அலமாரி, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே அனுப்புவதன் மூலமே அவற்றைக் காக்கிறது என்பதும், அதன் அளவு, மரம், பொருத்து, மெருகு, மாட்டும் முறை ஆகிய அனைத்தும் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறக்க வேண்டும் என்பதும் இவ்வுரையின் கருத்து.

அலமாரியைப் பேசுவதற்கு முன் அதில் குடியேறப் போகும் பொருள்களின் இயல்பை அறிவது முறை. முன்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முடிதிருத்துநர்கள் கத்தி, கத்தரி, சாணைக்கல், படிகாரம் ஆகியவற்றை அடைப்பம் என்னும் பையில் வைத்து எடுத்துச் சென்றனர். அந்தக் காலத்துச் சவரக்கத்தி கரிம எஃகால் ஆனது. ஓர் இரவு நனைந்து கிடந்தாலே துருப்பிடிக்கத் தொடங்கும் தன்மையுடையது. ஆகவே வேலை முடிந்தவுடன் கத்தியைத் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி மடிப்பது தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. கருவி வீட்டுக்குள் வந்து, துடைக்கும் பொறுப்பு அவசரமாக வேலைக்குப் புறப்படும் குடும்பத்தாரின் கைக்கு மாறியபோது, அந்தப் பழக்கம் கருவியோடு சேர்ந்து வரவில்லை.

கருவியை அவ்வாறு வீட்டுக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, மழுங்கினால் எறிந்துவிட்டு மாற்றிக்கொள்ளும் பிளேடுள்ள ரேசரை உருவாக்கிய கிங் கேம்ப் ஜில்லெட்டைச் சேரும். அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1901-இல் தொடங்கிய நிறுவனம், விற்பனையைத் தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் 51 ரேசர்களையும் 168 பிளேடுகளையும் மட்டுமே விற்றது. அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1904 நவம்பரில். சாணை பிடிக்கும் தேவை இதனால் நீங்கியதேயன்றி, துருவின் தொல்லை நீங்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வில்கின்சன் சோர்டு நிறுவனம் கொண்டுவந்த துருப்பிடிக்காத எஃகு பிளேடுகளுக்குப் பின்னரே அத்தொல்லை தணிந்தது. தணிந்தது என்றுதான் சொல்லத் தகும். இவ்வகை எஃகில் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய காப்புப் படலத்தை அமைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனைத் துளைகளாக அரிக்கிறது. வியர்வையிலும் கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் இருப்பது இந்த உப்பே. கடினநீரில் சோப்பு கலந்தால் உருவாகும் வெண்படிவு அவ்வுப்பையும் ஈரத்தையும் விளிம்பிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.

பிளேடு மழுங்குவதற்கு ஈரம் ஒன்றே காரணம் என்று சொல்வதும் சரியாகாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடியே, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில், குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து மோதி விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது என்று காட்டியது. அந்தச் சேதத்தை எந்த அலமாரியாலும் தடுக்க இயலாது. தடுக்கக்கூடியது அரிப்பை மட்டுமே. அதற்குரிய வழி, முகம் துடைத்த அரை மணியிலோ ஒரு மணியிலோ கருவி உலர்ந்துவிடும்படி இடமளிப்பது.

பிளேடைவிட நுண்மையான கவனிப்பு தூரிகைக்கு வேண்டும். பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கின் முடி, பன்றி முடி, செயற்கை இழை என மூவகையில் தூரிகைகள் கிடைக்கின்றன. விலங்கு முடி நீரைத் தன் தண்டுக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்வதால் மெல்லத்தான் உலரும். செயற்கை இழை நீரை இழைகளுக்கு இடையே மட்டும் தாங்கி நிற்பதால் விரைவில் உலரும். முடிக்கொத்து கைப்பிடிக்குள் பசையால் பதிக்கப்பட்டிருக்கும் அடிப்பகுதியே தூரிகையின் உயிர்நிலை. நீர் அங்கே தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், பசை தளரும், முடி உதிரும். தலைகீழாகத் தொங்கவிடுவதா, நிமிர்த்தி வைப்பதா என்ற வழக்கு தூரிகை விரும்புவோரிடையே நெடுங்காலமாக நடக்கிறது. நீர் அடிப்பகுதியை நோக்கி இறங்காதபடி தொங்கவிடுவது ஓரளவு நன்மை தரும். ஆயினும் தூரிகையைச் சுற்றிக் காற்று ஓடாத இடத்தில் இரண்டு முறையும் ஒன்றுதான்.

படிகாரக் கல்லையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீரில் கரைந்த படிகாரம் அமிலத் தன்மையுடையது. அதன் சொட்டு எஃகை அரிக்கும், மரத்தின் மெருகைக் கறைப்படுத்தும். ஆதலால் அதற்குத் தனியாக ஒரு பீங்கான் கிண்ணமும், பிளேடுகளிலிருந்து விலகிய இடமும் தேவை.

இனி, மூடிய அலமாரி ஏன் உலர்த்தாது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 600 மி.மீ. உயரம், 400 மி.மீ. அகலம், 160 மி.மீ. ஆழம் என்னும் வெளியளவு கொண்ட அலமாரியில், பலகைகளின் தடிமன், கதவு, முதுகு, சுவரில் மாட்டும் கட்டைக்கான இடம் ஆகியவற்றைக் கழித்தால் உள்ளே எஞ்சுவது ஏறத்தாழ 0.023 கன மீட்டர் வெளி. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும் என்பதால், இந்த வெளி முழுவதும் தாங்கக்கூடியது 0.7 கிராம் மட்டுமே. மழைக்காலச் சென்னையில் காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் ஏற்கெனவே அதில் இருக்கும் பங்கு, 80 விழுக்காடு என்று கொண்டால், புதிதாக ஏற்க இடமிருப்பது 0.14 கிராம். உதறிய பின்னும் தூரிகையில் 5 கிராம் நீர் தங்கியிருக்குமானால், அது உலர்வதற்குள் அலமாரியின் காற்று 35 தடவைக்கு மேல் முற்றிலுமாக மாறியாக வேண்டும். இறுக்கமான கதவுள்ள பெட்டியில் ஒரு நாளில் அது நடவாது. அடுத்த நாள் காலையில் புதிய நீர் வந்து சேர்ந்துவிடும். வெளியேற வழியற்ற ஈரம் எஃகின் மேலும் மரத்தின் உள்ளும் புகுவதைத் தவிர வேறு வழியில்லை.

காற்று எந்தப் பக்கமாக ஓடும் என்பதும் கருதத்தக்கது. நீராவி கலந்த காற்று இலேசானது, ஆகவே மேலே ஒரு துளை போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நீராவி கலப்பதால் காற்று இலேசாவது உண்மையே. ஆனால் நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் ஈரப்பொருளைச் சூழ்ந்த காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்று கனக்கிறது. இந்தக் கனம் அந்த இலேசைவிட மிகுதியானது. எனவே நனைந்த தூரிகையை ஒட்டிய காற்று கீழ்நோக்கியே இறங்கும். அடிப்பலகையில் திறப்பு இல்லையெனில் அது அடியில் தேங்கி நிற்கும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன: காற்று நுழைய மேலும் வெளியேறக் கீழும் திறப்புகள் வேண்டும், நனைந்த கருவிகள் கீழ்த்தட்டிலும், பிரிக்காத பிளேடு உறைகள் போன்ற உலர்ந்த பொருள்கள் மேல்தட்டிலும் இருக்க வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில் சோப்புக் கட்டிகளையும் எட்டாத உயரத்தில் ரேசரையும் வைக்கும் வழக்கமான அடுக்குமுறை இந்தக் காரணத்தால் மாறுகிறது. சிறுவர்கள் உள்ள வீட்டில் மட்டும் அலமாரியையே உயர்த்தி மாட்டி, கீழ்த்தட்டும் அவர்கள் கைக்கு எட்டாதவாறு செய்வது இன்றியமையாதது.

மரத்தைத் தேர்வதில் தேக்கு முதலிடம் பெறுவது வெறும் பெருமைக்காக அன்று. அதன் வைரத்தில், அதாவது தண்டின் நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியில், இயற்கையாகவே எண்ணெய்ப் பசையும் டெக்டோகுயினோன் போன்ற வேதிப்பொருள்களும் இருப்பதால் கறையானும் பூஞ்சையும் அதை எளிதில் அண்டுவதில்லை. பட்டையை அடுத்த வெளிறிய பகுதிக்கு இந்தக் காப்பு கிடையாது. தேக்கு என்று விற்கப்படும் பலகையில் அந்த வெள்ளை கலந்திருந்தால் குளியலறைக்கு அதை விலக்குவதே நன்று. பலாவும் பூவரசும் தேக்குக்கு மாற்றாக நம்பத் தகுந்தவை. வேம்பு பூச்சியைத் தாங்கும், ஆனால் அதன் ரேகை திசைமாறி ஓடுவதால் இழைப்புளி ஓட்டும்போது பெயரும். மா, ரப்பர் மரங்கள் ஈரத்துக்கு ஆகா. பிளைவுட் கொண்டு செய்ய வேண்டுமெனில் ஐ.எஸ். 710 என்ற முத்திரையுள்ள மரைன் வகையையே வாங்க வேண்டும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை, விளிம்பில் ஒருமுறை நீர் புகுந்தால் ஊதிப் பெருத்து, உலர்ந்த பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாது.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுக் காரைக்குடிக் கடைகளில் விற்கப்படும் பர்மாத் தேக்கு இத்தகைய சிறு வேலைக்கு மிகப் பொருத்தமானது. நல்ல மரம் மறுவாழ்வு பெறுவதும் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் நூறாண்டு உலர்ந்த மரம் இனி அசையாது என்னும் நம்பிக்கை பிழையானது. எவ்வளவு பழைய மரமும் சூழ்ந்த காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை ஏற்றும் விட்டும் கொண்டேயிருக்கும். காற்றோடு மரம் சமநிலை எய்தும்போது அதிலுள்ள நீரின் அளவையே சமநிலை ஈரம் என்பர். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக உள்ள இடத்தில் அது ஏறத்தாழ 12 விழுக்காடாகவும், 80 ஆனால் 16-ஐ ஒட்டியும் அமைகிறது. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகளுக்குப் பொதுவாக 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் வேண்டும் என்பதால், காற்றோடும் அலமாரியில் மரமும் பிழைத்துக்கொள்கிறது.

இந்த ஏற்ற இறக்கம் மரத்தின் நீளத்தில் ஏறக்குறைய வெளிப்படுவதே இல்லை, அகலத்தில்தான் வெளிப்படுகிறது. ஆண்டு வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒரு விழுக்காடு கூடினால் அகலத்தில் ஏறத்தாழ 0.19 விழுக்காடு பருக்கும். கோடையில் 9 விழுக்காடு ஈரத்துடன் இழைத்துச் செய்த 360 மி.மீ. அகல ஒற்றைப் பலகைக் கதவு, ஐப்பசி மழையில் 14 விழுக்காட்டை எட்டும்போது 3.4 மி.மீ. பருத்துவிடும், இருபுறமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி விட்டிருந்தாலும் சட்டத்துக்குள் இறுகிக்கொள்ளும். மழைக்காலத்தில் திறக்க மறுக்கும் கதவுகளின் கதை பெரும்பாலும் இதுவே. அதே கதவை 50 மி.மீ. அகலச் சட்டங்களால் கட்டி நடுவில் கண்ணாடியைப் பதித்தால், பருப்பது இருபுறச் சட்டங்களின் 100 மி.மீ. மட்டுமே, மாற்றம் ஒரு மி.மீட்டருக்கும் குறைவு. சட்டமும் நடுப்பலகையும் என்ற பழைய கதவு முறை அழகுக்காகப் பிறந்தது போலத் தோன்றினாலும், அதன் அடிப்படை இந்தக் கணக்குதான்.

உடற்பெட்டியை 18 மி.மீ. தடிமனுக்கு இழைத்த பலகைகளால் அமைத்து, மூலைகளைப் புறாவால் பொருத்தால் இணைப்பது சிறந்தது. ஒரு பலகையின் முனையில் விரிந்த வால் போன்ற வடிவங்களை வெட்டி, மற்றதன் முனையில் அவற்றுக்குரிய பற்களை வெட்டி ஒன்றோடொன்று கோக்கும் இந்த முறையில், வால் வெட்டிய பலகையை அதன் நீளத் திசையில் இழுத்துக் கழற்ற முடியாது. சுவரில் தொங்கும் அலமாரியில் சுமை முழுதும் அடிப்பலகையைக் கீழே இழுப்பதால், வால்களைப் பக்கப் பலகைகளிலும் பற்களை மேற்பலகை, அடிப்பலகைகளிலும் வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் பசை ஒன்றே சுமையைத் தாங்க நேரிடும். நான்கு பலகைகளின் ரேகையும் பெட்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாகச் செல்வதால், அவை பருப்பதும் சுருங்குவதும் ஆழத்தின் திசையில் ஒருசேர நிகழ்கின்றன, பொருத்து விரிவதில்லை. தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஆகவே ஒட்டும் முகங்களை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, உடனே நீரைத் தாங்கும் வகைப் பசையைத் தடவிக் கோக்க வேண்டும். தேக்கில் மணற்சத்தாகிய சிலிக்கா இருப்பதால் உளியும் இழைப்புளியும் விரைவில் மழுங்கும் என்பதையும், நடுநடுவே தீட்டிக்கொள்ள நேரம் ஒதுக்க வேண்டும் என்பதையும் புதிதாகப் பழகுவோர் அறிந்திருப்பது நலம்.

முதுகை ஒரே பலகையாக அடைக்காமல், 9 மி.மீ. தடிமனுள்ள பட்டைகளாக அறுத்து, பக்கப் பலகைகளில் எடுத்த காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பசையின்றி அசையும்படி செருக வேண்டும். பட்டைகளுக்கு இடையே 4 மி.மீ. இடைவெளி இருந்தால் காற்று நுழையவும் மரம் பருக்கவும் அதுவே போதும். தட்டுகளையும் அவ்வாறே ரீப்பர் சட்டங்களாக அமைத்து, முதுகிலிருந்து 15 மி.மீ. விலகி நிற்கச் செய்தால், மேலிருந்து கீழ்வரை காற்றுக்கு ஒரு தனிப்பாதை உருவாகிறது. உள்ளுயரத்தைக் கீழ்த்தட்டுக்கு 210, நடுத்தட்டுக்கு 180, மேல்தட்டுக்கு 150 மி.மீ. எனப் பிரிப்பது பொருத்தம்: கீழே தொங்கும் தூரிகை, நிற்கும் ரேசர், நனைந்த கிண்ணம், நடுவில் புட்டிகள், மேலே உலர்ந்தவை. தூரிகையின் கழுத்தளவுக்கு வாய் திறந்த ஒரு தேக்குக் கவையைப் பக்கப் பலகையில் திருகிவிட்டால், அதைத் தொங்கவிடத் தனித் தாங்கி வேண்டியதில்லை.

அடிப்பலகையில் 8 மி.மீ. அகலமுள்ள நீளத் துளைகளை மொத்தம் 30 சதுர செ.மீ. திறப்பு கிடைக்கும்படி வெட்டி, கதவின் மேல்விளிம்புக்கு மேலும் அதே அளவு வெளி விட வேண்டும். இந்நாட்டில் திறப்பு என்றாலே கொசுவும் கரப்பானும் நினைவுக்கு வரும். சோப்பையும் விலங்கு முடியையும் கரப்பான் தின்னும் என்பதால் இந்த அச்சம் நியாயமானதே. துருப்பிடிக்காத எஃகுக் கொசுவலையை உட்புறம் ஒட்டினால் அச்சம் தீரும். வலை சற்றுக் காற்றைத் தடுக்கும் என்பதால் துளைகளை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

கதவில் பதிக்கும் 4 மி.மீ. கண்ணாடி 260-க்கு 500 மி.மீ. அளவில் 1.3 கிலோ எடையிருக்கும். சட்டத்தின் பள்ளத்தில் அதைச் சுற்றிலும் 2 மி.மீ. வெளி விட்டு அமர்த்த வேண்டும். ஒட்டுவதற்குப் புளிப்பு நெடி வீசும் சிலிக்கோனைப் பயன்படுத்தினால் அதிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரித்து ஓரங்களைக் கறுக்கச் செய்யும். நெடியற்ற நடுநிலை வகையே ஏற்றது. கீல்களும் திருகாணிகளும் பித்தளையாகவோ 304 தரத் துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். முலாம் பூசிய இரும்பு, ஈரத்தில் துருப்பதோடு நில்லாமல் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு வினைபுரிந்து கறுப்புக் கறையையும் பரப்பும்.

மெருகு பற்றி வலியுறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மரச்சாமான்களுக்கு வழக்கமாகப் பூசப்படும் பிரெஞ்சு பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. சவரத்துக்குப் பின் தடவும் திரவங்களிலும் ஆல்கஹால் மிகுந்திருப்பதால், சிந்திய ஒவ்வொரு துளியும் அந்த மெருகை மீண்டும் கரைக்கும். நீர் பட்டாலோ அது வெளுக்கும். எனவே எவ்வளவு அழகாயினும் அதை இங்கே தவிர்த்து, இருபகுதிக் கலவையான பி.யு. (பாலியூரித்தேன்) மெருகை உள்ளும் புறமும் ஒரே அளவாகப் பூச வேண்டும். ஒருபுறம் மட்டும் பூசிய பலகை ஒருபுறம் மட்டும் ஈரம் ஏற்று வளையும். ரேகை வெட்டுண்ட முனைகள் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு விரைவாக நீரை உறிஞ்சுவதால் அவற்றுக்குக் கூடுதல் பூச்சு தேவை. ஆளிவிதை எண்ணெயை விரும்புவோர், அதில் நனைந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும் என்பதை மறவாமல், விரித்து உலர்த்தியே எறிய வேண்டும்.

மேற்சொன்ன அலமாரிக்கு, கழிவையும் சேர்த்து முக்கால் கன அடி தேக்கு போதும். முடிந்த அலமாரி, கண்ணாடியோடு 9 கிலோவுக்குள் அடங்கும். அதை மாட்ட, பிரெஞ்சு கிளீட் எனப்படும் முறை எளிமையானது: ஒரு கட்டையை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வாக அறுத்து இரண்டாக்கி, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியை அலமாரியின் முதுகிலும் திருகி, ஒன்றின்மேல் ஒன்று கவ்வும்படி அமர்த்துவதே அது. கட்டையின் தடிமன் அளவுக்கு முதுகுக்கும் சுவருக்கும் இடையே வெளி கிடைப்பதால் காற்றுப்பாதையும் அடைபடுவதில்லை. குளிக்கும் இடத்திலிருந்து நீர் தெறிக்காத சுவரைத் தேர்ந்து, உள்ளே குழாய் ஓடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, டைலைத் துளைக்கும்போது துளைக்கருவியின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவைத்து, டைலைக் கடந்து செங்கல்லைத் தொட்ட பிறகே அதை இயக்க வேண்டும். இன்றேல் டைல் விரிசல்விடும்.

எஞ்சுவது தேய்ந்த பிளேடின் கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட அமெரிக்க வீடுகள் பலவற்றின் குளியலறை அலமாரிகளில், பின்புறத் தகட்டில் ஒரு சிறு பிளவு இருந்தது. பழைய பிளேடை அதில் நுழைத்தால் சுவரின் உட்குழிக்குள் விழுந்துவிடும். அவ்வீடுகளை இடிப்போர் இன்றும் துருவேறிய பிளேடுக் குவியல்களைக் கண்டெடுக்கின்றனர். அங்கே சிக்கலைச் சுவருக்குள் ஒளித்தார்கள். இங்கே அதைக் குப்பைப் பையில் போட்டு, வெறுங்கையால் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலுக்கு அனுப்புகிறார்கள். தாளில் சுற்றிப் போட்டாலும் தாள் நனைந்து கிழியும். ஆதலால் அலமாரியின் மேல்தட்டில், உண்டியலைப் போல மேலே ஒரு பிளவு மட்டும் உள்ள தகர டப்பாவுக்கு இடம் ஒதுக்குவது, தூரிகைக்குக் கவை வைப்பதைவிட முக்கியமான வடிவமைப்பாகும். ஒரு பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. மட்டுமே என்பதால் கையளவு டப்பா ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் வரும். நிறைந்தபின் பிளவைப் பட்டை நாடாவால் அடைத்து, உள்ளே இருப்பது இன்னதென்று டப்பாவின் மேல் தெளிவாக எழுதி, மற்றக் குப்பையோடு சேர்க்காமல், தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியே ஒப்படைக்க வேண்டும்.